கள் முட்டிக்கு எப்போது போதை ஏறும்?

பொள்ளாச்சி நண்பர் கேட்டது:

"ஊசி போட்டா நினைவு போகுது, மருந்து தீர்ந்தா நினைவு வருது. அப்புறம் என்ன ஆன்மா, என்ன அகம்? மூளை ஓடுறதுக்குப் பேருதான் உணர்வு. தினமும் ஆளை அணைச்சு ஏத்துற உனக்கே இதுல சந்தேகம்னா, நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

ஜூன் 9

சந்தேகம் என்று நான் சொல்லவில்லை மாப்ளே. "கணக்கு முடிந்துவிட்டது என்று சொல்லாதே" என்றுதான் சொன்னேன். இரண்டும் வேறு.

மற்றவர்களுக்காக: நான் டாக்டர் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கிற டெக்னீஷியன், பதினேழு வருடமாக. வீடு கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். தினமும் வேலந்தாவளம் செக்போஸ்ட் வழியாகப் போய்வருகிறேன். காலையில் தமிழ்நாடு, ராத்திரிக்குக் கேரளம், இரண்டு பக்கமும் பேச்சு தமிழ்தான்.

என் வேலையில் நான் பார்ப்பது இது. ஆள் மேஜையில் படுத்திருப்பார். நெற்றியில் பட்டை ஒட்டுவோம், அது மூளையின் மின் அலையைப் படித்து 0-லிருந்து 100 வரை ஒரு எண் காட்டும். முழு விழிப்பில் 97, 98. டாக்டர் புரோபோஃபால் என்கிற மயக்க மருந்தை ஏற்றுவார், பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், சோயா எண்ணெயில் கரைத்தது. "கை எரியுது" என்பார் ஆள். பாதிப் பேர் கடைசியாகச் சொல்வது அதுதான். சாமி பெயர் சொல்கிறவர்கள் குறைவு. அரை நிமிடம், முக்கால் நிமிடம். எண் இறங்கி 50, 45 என்று நிற்கும். டாக்டர் இமை முடியை லேசாகத் தொடுவார், அசையாது. அவ்வளவுதான்.

மருந்து என்ன செய்கிறது என்பதும் பெருமளவு தெரியும். நரம்பு செல்களில் காபா என்கிற ஒரு வேதிப்பொருள் வந்து உட்கார இடம் உண்டு, அது உட்கார்ந்தால் செல் அடங்கும். புரோபோஃபால் அந்த அடக்கத்தைக் கூட்டிவிடுகிறது. பொருள் பொருளைத் தொடுகிறது, ஆள் காணாமல் போகிறார். இதை ஆயிரக்கணக்கில் பார்த்தவனுக்குப் பொருள்முதல்வாதத்தைத் தவிர வேறு எதில் மனது போகும்? நானும் அந்தக் கட்சிதான்.

2019-ல் எனக்கே பித்தப்பையில் கல், அதே மேஜை. சுவர்க் கடிகாரம் 8.10 பார்த்தேன், அடுத்து பார்த்தபோது 10.05. நடுவில் இருட்டுகூட இல்லை. நான் இல்லை, சுழி. அதை அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், செத்தால் இப்படித்தான் இருக்கும்.

ஜூன் 9, இரவு

ஒன்று விட்டுப்போனது. இந்தக் கட்சி ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். மணிமேகலையே சொல்கிறாள்: பூவையும் வெல்லத்தையும் போட்டு ஊறவைத்தால் எங்கிருந்தோ போதை பிறக்கிற மாதிரி, நிலம், நீர் மாதிரியான பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது என்று. நம் ஆட்கள் எப்போதோ முடித்துவிட்ட வழக்கு.

ஜூன் 11

திருத்தம். தமிழாசிரியர் அக்கா ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார். அதைச் சொல்வது மணிமேகலை இல்லை, பூதவாதி. அவள் வஞ்சி நகருக்குப் போய் ஒவ்வொரு சமயக்காரரையும் "உன் கொள்கை என்ன" என்று கேட்டுவருகிறாள், கடைசி ஆளாக வருபவர் இவர். மணிமேகலை கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஒப்புக்கொள்ளாத அந்த ஆளிடம், "உன் அப்பா அம்மா யார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய்" என்று ஒரு போடு போடுகிறாள். நல்ல அடிதான். ஆனால் அது விழுவது அவர் அறியும் முறையின்மேல். உணர்வு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

வஞ்சி எது, கரூரா கொடுங்கல்லூரா என்ற சண்டை தனி. கொடுங்கல்லூர் என்றே வைத்துக்கொள்கிறேன், எங்கள் பக்கம் நடந்த விவாதம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்தப் பூ தாதகிப் பூ. சும்மா கவிஞர் கற்பனை என்று நினைத்திருந்தேன். போன வாரம் பாலக்காட்டுச் சித்தூரில் மருந்துக் கடையில் அம்மாவுக்கு அரிஷ்டம் வாங்கப் போனபோது கேட்டேன். "தாதிரிப்பூவா" என்று கேட்டு ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். காய்ந்து சுருங்கிய செங்கல் நிறப் பூ, விரலில் எடுத்தால் வெற்றிலைக் காம்பு கிள்ளின அளவுதான் இருக்கும். அரிஷ்டமும் ஆசவமும் புளிக்க இன்றைக்கும் அதைத்தான் போடுகிறார்கள். பூதவாதி உதாரணம் சொன்னபோது கண் முன்னால் பானை இருந்திருக்கிறது.

ஜூன் 12

இல்லை, நான் குடிப்பதில்லை. கேட்ட மூன்று பேருக்கும் சேர்த்துப் பதில்.

ஜூன் 16

இன்றைக்கு லீவு. காற்று தென்னையை வளைத்து வளைத்து அடிக்கிறது, பாலக்காட்டுக் கணவாய்க்காரர்களுக்கு ஜூன் மாதம் எப்படி என்று தெரியும். ஞாயிறு முழுக்க அந்தப் பானையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, கள் இறக்கினவர். தென்னங்கள். சித்தூர் தாலுகாவிலிருந்து கேரளம் முழுக்க வண்டி வண்டியாகக் கள் போகிறது, அதில் அவர் பங்கும் கொஞ்ச காலம் இருந்தது. பாளையை எலும்பால் தட்டித் தட்டிப் பதப்படுத்துவார், வலிக்காத மாதிரி, மெதுவாக, சுற்றிலும் ஒரே சீராக. நுனி சீவி, கள் வடிகிற பானையான முட்டியைக் கட்டிவிட்டு இறங்குவார். முட்டியில் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் இனிப்பாகவே நிற்கும். தடவாவிட்டால் மரத்தின் மேலேயே புளிக்க ஆரம்பிக்கும், அதில் யாரும் எதையும் போட வேண்டாம், பழைய முட்டியின் ஓரத்தில் ஒட்டியிருப்பதும் காற்றில் வருவதும் போதும். காலையில் இறக்கியது மதுரம், சாயங்காலத்துக்கு வேகம் ஏறும், மறுநாள் காடி.

சின்ன வயதில் நான் ஒரு முட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மேலெல்லாம் வெள்ளை நுரை, உள்ளே சளசளவென்று கொதிக்கிற மாதிரிச் சத்தம், அடுப்பே இல்லாமல். "இதுக்குப் போதை ஏறியிருக்கா அப்புச்சி?" என்று கேட்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "முட்டிக்கு எப்படா போதை ஏறும்? குடிச்சவனுக்குத்தான் ஏறும்."

இத்தனை வருடம் கழித்து இன்றைக்குத்தான் அது உறைத்தது. கள்ளுக்குள் போதை கிடையாது! கள்ளில் இருப்பது சாராயச் சத்து, தண்ணீர், மிச்சச் சர்க்கரை, கொஞ்சம் புளிப்பு. பூவுக்கும் வெல்லத்துக்கும் இல்லாத ஒன்று புதிதாகப் பிறந்தது என்று பூதவாதி காட்டுகிறாரே, அந்த ஒன்று பானையில் பிறக்கவில்லை. குடிக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஏற்கனவே உணர்வு இருக்க வேண்டும், அப்போதுதான் போதை. எதை விளக்க வேண்டுமோ அதை உதாரணத்துக்குள் முதலிலேயே ஊற்றிவைத்துவிட்டு, கலக்கி எடுத்துக் காட்டுகிறார்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்தக் காதையில் பூதவாதி கொஞ்சம் தள்ளி ஒரு இடத்தில் உணர்வுள்ள பூதம், உணர்வில்லாத பூதம் என்று இரண்டு வகை வைக்கிறார். அது அதிலிருந்தும் இது இதிலிருந்தும் பிறக்குமாம். அப்படியானால் கலந்ததால் பிறந்தது என்ற பேச்சு எதற்கு? முதலீட்டிலேயே உணர்வை வைத்துக்கொண்டு லாபமாக உணர்வை எடுத்திருக்கிறார். இவரைக் கேலி செய்யத் தேவையில்லை. இப்போதும் மேற்கே சில தத்துவக்காரர்கள் கலவையிலிருந்து உணர்வை எடுக்க முடியாமல், அணுவிலேயே ஒரு துளி உணர்வு இருக்கட்டும் என்கிறார்கள். அதே நழுவல்தான்.

ஜூன் 17

எதிர்பார்த்த மாதிரியே எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் இளம் டாக்டர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "அண்ணா, குடிச்சவன் மூளையிலயும் அதே காபாதானே. போதையும் பொருள்தான். பானையிலிருந்து மண்டைக்கு ஒரு படி தள்ளியிருக்கீங்க, அவ்வளவுதான்."

சரி. ஒப்புக்கொள்கிறேன். சாராயச் சத்தும் அந்த அடக்கத்தைத்தான் கூட்டுகிறது. ஆனால் நான் ஒரு படி தள்ளினால் கேள்வியும் ஒரு படி தள்ளி வந்து அங்கேயே உட்காருகிறது: காபா வந்து உட்கார்ந்தது, செல் அடங்கியது, சரி, அதற்கு ஏன் ஒரு தலைசுற்றல், ஒரு ருசி, ஒரு சந்தோசம்?

அவர் விடவில்லை. புளிப்பையே எடுத்துக்கொண்டார். ஒரு காலத்தில் புளிப்பதற்கு உயிரின் தனி சக்தி வேண்டும் என்றார்கள். விஞ்ஞானி லூயி பாஸ்டரே உயிரில்லாமல் புளிப்பில்லை என்றுதான் சொல்லிவந்தார். 1897-ல் ஜெர்மன் வேதியியல்காரர் எடுவர்ட் பூஹ்னர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்துச் சாறு பிழிந்து, உயிருள்ள ஒரு செல்கூட இல்லாத அந்தச் சாற்றில் சர்க்கரையைப் போட்டார். புளித்தது. 1907-ல் நோபல் பரிசு. "உயிர்ச் சக்தி" என்ற பேச்சு அதோடு மெல்ல மெல்லக் காணாமல் போனது. உணர்வும் அப்படித்தான் போகும், பொறுங்கள் என்கிறார்.

பலமான வாதம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். புளிப்பு என்றால் என்ன? சர்க்கரை குறைவது, வாயு வருவது, சாராயம் சேர்வது. இவை நடந்துவிட்டால் புளித்தாயிற்று, மிச்சம் எதுவும் இல்லை. உணர்வில் அப்படி இல்லை. கண் எதைப் பிரித்தது, வாய் எப்படிப் பெயர் சொன்னது, கை எப்படி விலகியது என்று எல்லா வேலையையும் விளக்கி முடித்த பிறகும், இதெல்லாம் உள்ளே ஏன் ஒருவருக்கு நடக்கிற மாதிரி இருக்கிறது என்பது நிற்கிறது. 1995-ல் தத்துவக்காரர் டேவிட் சாமர்ஸ் இதற்குத்தான் "கடினமான பிரச்சினை" என்று பெயர் வைத்தார்.

வவ்வாலைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், தத்துவக்காரர் தாமஸ் நேகல் 1974-ல் கேட்ட கேள்விதான். வவ்வாலாக இருப்பது வவ்வாலுக்கு எப்படி இருக்கும் என்று. எங்கள் ஊர் வவ்வால் கள் குடித்துவிட்டு முட்டியில் விழுந்து கிடக்கும், அதற்கு எப்படி இருக்கும் என்பது பல பேருக்குத் தெரியும்.

ஜூன் 17, கொஞ்ச நேரம் கழித்து

அதுவும் தப்பு. கள் குடிக்க வருவது பழந்தின்னி, பெரும்பாலும் கண்ணை நம்பிப் பறப்பது. நேகல் சொன்னது சத்தம் போட்டு எதிரொலி கேட்டுத் திரிகிற இனம். ஜோக்கிலும் திருத்தம் போட வேண்டியிருக்கிறது.

ஜூன் 22

ஜூன் 9-ல் "நான் இல்லை, சுழி" என்று எழுதினேனே, அதை வாபஸ் வாங்குகிறேன். இல்லை, பாதி வாபஸ்.

வியாழக்கிழமை ஒரு கேஸ். அறுபது வயது தாண்டிய தோப்புக்காரர், கால் எலும்பு முறிவு. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மட்டும் மரக்கவைத்தது. பயம் தெளிய மிடாசோலம் 2 மில்லிகிராம். முழு மயக்கம் இல்லை, ஆள் பேசிக்கொண்டே இருந்தார். "தம்பி எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "அட, நம்ம பக்கம்! அங்க வெள்ளை ஈ எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்து, இலைக்கு அடியில் அது அப்புவது, கீழ் மட்டை கருப்பாவது, தேங்காய் விலை, மகன் தோப்பை விற்கச் சொல்வது, எல்லாம். நான் அவர் தலைமாட்டில் நின்று முக்கால் மணி நேரம் பதில் சொன்னேன். ஒரு இடத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு, துடைத்துவிட்டேன்.

பிறகு வார்டுக்கு அனுப்பும் முன் பார்க்கப் போனேன். "ஊசி குத்துனது தெரியும் தம்பி, அப்புறம் நல்ல தூக்கம், ஒண்ணுமே தெரியல" என்றார். அப்புறம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி எந்த ஊரு?"

அந்த மருந்து நினைவில் பதிவதைத் தடுக்கும், அது எனக்குப் பாடம் மாதிரித் தெரியும், நூறு தடவை பார்த்ததுதான். ஆனால் இந்த விவாதம் மண்டையில் ஓடிக்கொண்டிருந்ததால் அன்றைக்குக் கொஞ்சம் ஆடிப்போனேன். அவர் "தூங்கினேன்" என்கிறார். அவர் அழுததை நான் பார்த்தேன். அந்த முக்கால் மணி நேரமும் ஒரு ஆள் அங்கே இருந்தார், அவருக்கே அது தெரியவில்லை.

அப்படியானால் 8.10-க்கும் 10.05-க்கும் நடுவில் நான் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? ஞாபகம் இல்லை என்பதுதான் தெரியும். முழு மயக்கத்திலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தசையைத் தளர்த்தும் மருந்து போகாதபடி ஒரு முன்னங்கையை மட்டும் பட்டையால் கட்டிவைத்துவிட்டு, "கேட்டால் கையை அழுத்துங்கள்" என்று சொல்வது, 1977-ல் டன்ஸ்டால் என்ற மயக்க மருத்துவர் எழுதியது. சிலர் அழுத்துகிறார்கள். எழுந்தபின் கேட்டால் ஒன்றும் தெரியாது என்கிறார்கள்.

வேதாந்திகள் ஒரு பழைய வாதம் சொல்வார்கள்: காலையில் எழுந்து "சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் அறியவில்லை" என்கிறாயே, அறியாமல் இருந்ததை அறிந்தது யார், உள்ளே ஒரு சாட்சி இருந்ததால்தானே சொல்கிறாய் என்று. நியாய தரிசனத்துத் தர்க்கக்காரர்கள் அதை ஏற்கவில்லை, எழுந்தபின் உடம்பு லேசாக இருப்பதைப் பார்த்து ஊகித்துச் சொல்கிறாய் என்றார்கள். வியாழக்கிழமை தோப்புக்காரரை இந்த இரண்டு கட்சிக்கும் சாட்சியாகக் கூப்பிட்டால் இரண்டையும் கவிழ்த்துவிடுவார். தூங்கவே தூங்காதவர் "நல்ல தூக்கம்" என்கிறார், சாட்சி சொன்னதும் பொய், ஊகமும் பொய்.

இது ஆன்மாவுக்குச் சாதகம் இல்லை. ஆனால் "மருந்து உணர்வை அணைக்கிறது, நானே பார்த்தேன்" என்று முதல் நாள் மார்தட்டினதுக்கும் சாதகம் இல்லை. நான் பார்த்தது இமை அசையாததையும் ஒரு எண்ணையும்தான்.

ஜூன் 23

உடனே ஆன்மாக் கட்சி குஷியாகிவிட்டது. நிற்கவும். உங்கள் கணக்கு இதைவிட மோசம்.

பெரியப்பா ஒருவர் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தைச் சொன்னார். "எனது உடல்" என்கிறோம், அதனால் உடைமை வேறு, உடையவன் வேறு. அதே சூத்திரத்தில், தூங்கும்போது உடம்பு அங்கேயே கிடக்கிறது, ஆனாலும் உண்பதில்லை, வேலை செய்வதில்லை, அதனால் உடம்பு ஆன்மா இல்லை என்றும் வருகிறது. நுட்பமான ஆட்கள்தான். "ஆனா பெரியப்பா, என் உயிருன்னும்தானே சொல்றோம்? அப்ப உயிருக்குச் சொந்தக்காரன் இன்னொருத்தனா?" என்றேன். அது உபசாரப் பேச்சு, சும்மா வழக்கத்துக்குச் சொல்வது என்றார். அப்படியானால் "எனது உடல்" மட்டும் ஏன் உபசாரம் இல்லை என்றேன். சாப்பிடப் போகலாம் என்றார்.

ஆன்மா வேறு, உடம்பு வேறு என்ற பிரெஞ்சுத் தத்துவக்காரர் டேகார்ட்டிடம் 1643-லேயே பொஹீமியா இளவரசி எலிசபெத் கடிதத்தில் கேட்டது இதுதான்: உடம்பே இல்லாத ஆன்மா உடம்பை எப்படித் தள்ளும்? அவர் சுற்றிச் சுற்றி எழுதினாரே தவிர பதில் இல்லை. என் கேள்வி இன்னும் சின்னது. ஆன்மா தனி என்றால், எண்ணெயில் கரைத்த வெள்ளை மருந்து சில மில்லி அதை எப்படிப் படுக்கவைக்கிறது?

ஜூன் 30

காலடி, திருச்சூரைத் தாண்டினால் வரும். அங்கே பிறந்த சங்கரர் பிரம்மசூத்திர உரையில் அந்தக் காலப் பொருள்முதல்வாதிகளான உலோகாயதருக்குச் சொன்ன பதிலை இளம் டாக்டரிடம் சொன்னேன். விளக்கு இருந்தால் பார்க்க முடிகிறது, இல்லாவிட்டால் முடியவில்லை, அதனால் பார்வை விளக்கின் குணம் ஆகிவிடுமா? உடம்பு இருந்தால் உணர்வு இருக்கிறது என்பதால் உணர்வு உடம்பின் குணம் என்று எப்படிச் சொல்வாய்?

அவர் யோசித்துவிட்டு, "விளக்கு அணைஞ்சாலும் கண் தனியா இருக்குன்னு தொட்டுக் காட்டலாம் அண்ணா. மூளை அணைஞ்சா தனியா இருக்கிற கண்ணு எது? அதைக் காட்டச் சொல்லுங்க" என்றார். பையன் கெட்டிக்காரன். விளக்கு வாதம் பாதிதான் நிற்கிறது. ஆனால் சங்கரர் அதே இடத்தில் சொல்கிற இன்னொன்று முழுசாக நிற்கிறது என்று நினைக்கிறேன். உடம்பின் நிறத்தை அடுத்தவர் பார்க்கலாம், உன் நினைவை அடுத்தவர் பார்க்க முடியாது. மானிட்டரில் 45 என்பது எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும், கதவு வழியாக எட்டிப் பார்க்கிற நர்ஸுக்கும் தெரியும். "கை எரியுது" என்றாரே, அந்த எரிச்சல் எங்கள் யாருக்கும் தெரியாது. இதைப் பொருள் என்கிற கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது?

பந்தயக் கதை பல பேருக்குத் தெரிந்திருக்கும். 1998-ல் ஜெர்மனியின் பிரேமன் நகரில் மூளை விஞ்ஞானி கிறிஸ்டாஃப் கோக் அதே சாமர்ஸிடம் பந்தயம் கட்டினார், 25 வருடத்துக்குள் மூளையில் உணர்வின் தெளிவான தடயத்தைக் கண்டுபிடித்துவிடுவோம் என்று. 2023 ஜூனில் நியூயார்க்கில் மேடையேறித் தோல்வியை ஒப்புக்கொண்டு வைன் பாட்டில்கள் கொடுத்தார். பந்தயப் பொருளும் புளிக்கவைத்ததுதான், பூதவாதி கேட்டால் சிரிப்பார். இதில் ஆன்மாக் கட்சி கைதட்ட ஒன்றும் இல்லை. தோற்றது தடயம் தேடும் வேகம். தேடாமல் உட்கார்ந்திருந்தவர்கள் ஜெயித்ததாக யாரும் சொல்லவில்லை.

பொள்ளாச்சிக்காரா, என் நிலை இதுதான். உணர்வு மூளையை நம்பி இருக்கிறது, அதில் எனக்கு எள்ளளவும் தகராறு இல்லை. மூளை ஓடுவதும் உணர்வும் ஒன்றே என்று நீ எழுதிக் கொடுக்கச் சொன்னால் இன்றைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். ஆன்மா என்று பெரியப்பா நீட்டுகிற தாளிலும் போட மாட்டேன். பணம் எங்கள் பக்கம்தான் வர வேண்டியிருக்கிறது, ஆனால் வசூல் ஆகும்வரை வரவு என்று எழுதக் கூடாது, அப்புச்சியின் நோட்டிலும் அப்படித்தான்.

ஜூலை 4

நேற்று சாயங்காலம் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். முட்டிக்கு எப்படா போதை ஏறும் என்று அப்புச்சி சொன்ன இடம் வந்தபோது அம்மா நிறுத்தச் சொன்னாள். அதைச் சொன்னது அப்புச்சி இல்லையாம். ஷாப்பில் ஊற்றிக்கொடுத்தவர் சொன்னாராம், என்னிடம்கூட இல்லை, அண்ணனிடம். நான் அப்போது கைக்குழந்தை, அம்மா இடுப்பில் இருந்தேனாம்.

முட்டிக்குள் நுரை சளசளத்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. அண்ணனிடம் போன் போட்டுக் கேட்டேன். அவனுக்கு எதுவும் ஞாபகம் இல்லை.